சும்மா இருந்தே பேர் வாங்கியவர்

கல்யாணத்துக்கு வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பும் பங்காளி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். தனிமங்களின் குடும்பத்தில் அவர் பெயர் நியான். ஓர் அணுவுக்கு எலக்ட்ரான்கள் 10. உள்சுற்றில் 2, வெளிச்சுற்றில் 8. எட்டும் நிரம்பிவிட்டதால் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இரும்பையே துருவாக்கிக் கவிழ்த்த ஆக்சிஜனின் ஜம்பம் இவரிடம் பலிக்காது.

இவர் ஒளிந்திருந்த இடம் இன்னும் பெரிய கூத்து. காற்றுக்குள்ளேயே இருந்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் 18 பங்கு நியான். ஆதாம் காலத்திலிருந்து எல்லோரும் மூக்கால் இழுத்து மூக்காலேயே திருப்பி அனுப்பினோம், ஒருவருக்கும் தெரியவில்லை. 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் அவருடைய உதவியாளர் மாரிஸ் டிராவர்ஸும் திரவக் காற்றைக் கொண்டு ஆர்கானைக் குளிரவைத்து, அதிலிருந்து முதலில் ஆவியாகி ஓடியதைப் பிடித்தார்கள். கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியதும் குப்பென்று செக்கச்செவேலென எரிந்தது. வேறெந்த வாயுவும் இப்படிக் காட்டிக்கொடுத்துக்கொண்டதில்லை. அந்தக் கோடைக்குள் கிரிப்டான், நியான், செனான் என்று மூவரும் வரிசையாக மாட்டினார்கள். ராம்சேக்கு 1904-இல் நோபல் பரிசு. டிராவர்ஸுக்கோ பெங்களூரு வேலை.

பெங்களூரு என்றால் நம் தடத்துப் பெங்களூருதான். அரக்கோணத்தில் ரயிலேறி, வாலாஜா, காட்பாடி, ஆம்பூர் தாண்டிப் போனால் வருமே, அதே. ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்ட அறிவியல் நிலையத்துக்கு எந்த ஊர் சரிப்படும் என்று பார்க்க ராம்சே ஏற்கெனவே இந்தியாவுக்கு வந்து, பெங்களூருவைக் கைகாட்டிவிட்டுப் போயிருந்தார். 1906-இல் டிராவர்ஸ் வந்து முதல் இயக்குநரானார். மைசூர் மகாராஜா 371 ஏக்கர் நிலம் கொடுத்தார். 1909-இல் நிலையம் பிறந்தது, 1911-இல் மாணவர்கள் வந்தார்கள். அதற்குள் டிராவர்ஸுக்கும் நிர்வாகத்துக்கும் உரசல். எதனோடும் வினைபுரியாத வாயுவைக் கண்டுபிடித்த மனிதர், பெங்களூரில் எல்லாரோடும் வினைபுரிந்தார். 1914-இல் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார்.

இதற்கிடையே பாரிஸில் ஜார்ஜ் கிளாட் என்பவர் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் விற்றுக்கொண்டிருந்தார். அதில் எச்சமாக நியான் சேர்ந்துகொண்டே போனது. வாங்க ஆளில்லை. சரக்கு தேங்கினால் வியாபாரிக்கு மூளை வேலை செய்யும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சமாக நியானை அடைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓர் இடி கொடுத்தார். அணுவின் எலக்ட்ரான்கள் துள்ளி மேலேறி, கீழே இறங்கும்போது செந்நிற ஒளியைக் கக்கின. 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜனங்கள் காரை விட்டுவிட்டுக் குழாயையே பார்த்தார்கள். இரண்டே வருடத்தில் ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் விளம்பரமாக ஏறிவிட்டது. குழாய் வருடக்கணக்கில் உழைத்ததற்கு ஒரு காரணமும் அதே சோம்பல்தான். உள்ளிருக்கும் வாயு மின்முனையோடு மல்லுக்கு நின்று தீர்ந்துபோவதில்லை. நீலம், பச்சை என்று கடைத்தெருவில் மின்னியதற்கெல்லாம் இவர் பெயரைச் சொன்னாலும், நீலத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஆர்கானும் பாதரசமும்தான். உழைப்பு அவர்களுடையது, பெயர் இவருக்கு.

ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலியில் இவர் வேலை பார்ப்பது சட்டைப்பையில். எலக்ட்ரீசியன் குத்திவைத்திருக்கும் டெஸ்டருக்குள் சின்னஞ்சிறு நியான் பல்பு இருக்கிறது. அதன் வழியே ஓடும் மின்சாரம் அவ்வளவு அற்பமானது. கூடவே இருக்கும் ரெசிஸ்டர் அடக்கி வைப்பதால் நமக்கு உறைப்பதுகூட இல்லை. ஆனாலும் விளக்கு எரிகிறது. சுவிட்சு போர்டில் கரண்ட் இருக்கிறதென்று கண்சிமிட்டும் சிவப்பு இண்டிகேட்டரும் பல இடங்களில் இவர் வம்சமே. இதே மாவட்டத்து ராணிப்பேட்டையிலும், அந்தப் பக்கம் ஆம்பூரிலும் இவருக்கு ஒருநாள் கூலி பெயராது. அங்குள்ள தோல் பதனிடும் ஷாப்பில் குரோமியம் போய்த் தோலின் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தோலைப் பதமாக்குகிறது. கையே கொடுக்காதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிய இடத்திலும் செல்வாக்குக் குறையவில்லை. ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறுபடும் ஐசோடோப்பு என்ற சங்கதி, கதிரியக்கமில்லாத சாதாரணத் தனிமங்களுக்கும் உண்டு என்று 1913-இல் ஜே.ஜே. தாம்சனுக்குக் காட்டிக்கொடுத்தது நியான்தான். 1962-இல் ஹீலியத்தோடு ஒரே குழாயில் உட்கார்ந்து சிவப்பு லேசர் கொடுத்தது. இன்று செல்போன் சிப்புகளைப் பொறிக்கும் லேசர்களிலும் நிரப்பப்படுவது பெரும்பாலும் நியானே. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டதும் சிப்பு முதலாளிகள் முதலில் தேடியது இவரைத்தான். அங்கிருந்துதான் நிறைய வந்துகொண்டிருந்தது.

கதையில் வந்தவர்களின் கணக்கைப் பார்த்துவிடுவோம். டிராவர்ஸ் நிர்வாகத்தோடு மோதி ஊர் திரும்பினார். கிளாட், இரண்டாம் உலகப்போரில் நாஜிகளின் பக்கம் நின்றதற்காக 1945-இல் ஆயுள் தண்டனை பெற்று, சில வருடம் உள்ளே இருந்து வந்தார். சேராத இடத்தில் சேர்ந்தால் வராத துன்பம் வரும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை வேதியியல் முறைப்படி கடைப்பிடித்தது நியான்தான். கெட்ட பெயர் வாங்காமல் தப்பியதும் அதனால்தான்.