மடமில்லா மடாலய ஏலும் அதைச் சுவைக்கும் நெறியும்

புனே நகரத்துப் பீர்க்கடைகளில் பெல்ஜிய மடாலயப் பாணி ஏலைச் சுவைப்பது குறித்த எந்த ஆய்வும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய இடர்ப்பாடு, அந்நகரில் அதற்குரிய மடாலயம் இல்லை என்பதாகும். ஏல் என்பது சற்று மிகுந்த வெப்பநிலையில், தொட்டியின் மேற்பரப்பில் திரளும் ஈஸ்ட்டால் நொதிக்கும் பீர். அதனை டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவியர் தம் மதிலுக்குள் தாமே காய்ச்சினாலோ மேற்பார்வையிட்டாலோ 'டிராப்பிஸ்ட்' என்றும், அதே பாணியில் பிறர் வெளியே காய்ச்சினால் 'மடாலய ஏல்' என்றும் வழங்குவர். எனவே மடம் இல்லாமை இப்பானத்தின் குறையன்று, இலக்கணமே என்பது முதற்கண் நிறுவப்படுகிறது.

மதில் இல்லையெனினும் விதி உண்டு. டிராப்பிஸ்ட்டுகள் பின்பற்றும் மடவிதியை 6ஆம் நூற்றாண்டில் வகுத்த புனித ஆசீர்வாதப்பர், அதன் 40ஆம் அதிகாரத்தில், துறவி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு 'ஹெமினா', அதாவது ஏறத்தாழ கால் லிட்டர், திராட்சை மதுவே போதுமென்றார். 2009இல் டூலாலி நிறுவனம் நாட்டின் முன்னோடிக் கிராஃப்ட் பீர் ஆலைகளுள் ஒன்றைத் தொடங்கிய புனேயிலோ, 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், குடிப்பவர் பெர்மிட் பெற வேண்டும்; அதுவும் உடல்நலத்தைப் பேணும் பொருட்டே வழங்கப்படுவது. ஆஷாடி ஏகாதசியன்று விற்பனை கிடையாது. ஸ்ட்ராங் பீரின் ஆல்கஹால் 8 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதியாதலால், 9.5 சதவீதம் கொண்ட வெஸ்ட்மாலே மடத்து 'டிரிப்பெல்' வகை ஏலின் வீரியத்தை உள்ளூர் ஆலைகள் துறந்தேயாக வேண்டும். அனுமதி, விரதம், துறவு ஆகிய மூன்றும் கூடிய இடமே மடம் எனின், புனே முழுவதும் ஒரு மடமென்பது பெறப்படும்.

இனி, சுவை. பழுப்புநிற 'டுப்பெல்' வகையில், ஈஸ்ட் தோற்றுவிக்கும் ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழ மணத்தையும், அதே ஈஸ்ட்டின் மற்றொரு விளைபொருளான வினைல் குவாயகால் கிராம்பின் காரத்தையும், பாகாகக் கருக்கிய சர்க்கரை உலர்திராட்சை, பேரீச்சை ஆகியவற்றின் சாயலையும் தருகின்றன. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை என்ற இவ்வரிசையைக் கேட்ட தமிழ் நாவுக்கு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் இவ்வொப்புமை அடிவாரத்திலேயே நிறுத்தப்பட வேண்டியது, படியேற்றத் தக்கதன்று. பற்கூசும் குளிரில் இம்மணங்கள் எழாவாதலால், வாய் குவிந்த கிண்ணத்தில், ஏறத்தாழ 10 பாகை செல்சியசில் பருகுவதே முறை; 'சில்லென்று கொடுங்கள்' என்று கேட்பவர் ஆய்வாளராகார், வெறும் தாகமுடையவர்.

இத்துறைக்கே உரிய தீராச் சிக்கல் ஒன்றுண்டு. அளக்கப்படும் பொருள் அளக்கும் கருவியைக் கெடுப்பது பிற அறிவியல்களில் அரிது. இங்கோ அது விதி. முதற் கிண்ணத்தில் வாழைப்பழத்தையும் கிராம்பையும் வேறுபடுத்திய நாக்கு, இரண்டாவதில் தான் உணராத அத்திப்பழத்தையும் உறுதியாகச் சொல்கிறது. மூன்றாவதில் எதிரிலிருப்பவர் சொல்லும் எப்பழத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஆசீர்வாதப்பர் விதித்த கால் லிட்டரைத் துறவுக்குரிய கட்டுப்பாடாகக் கொள்ளும் மரபு திருத்தப்பட வேண்டும்: சுவைக்குறிப்பை நம்பத்தக்கதாக வைத்திருக்கும் மிகையற்ற அளவு அதுவே.