ஆக்டிவ் பிள்ளை

"பையன் ஆக்டிவ்வா இருக்கானா டீச்சர்?" கோவில்பட்டிப் பக்கம் பிள்ளையைப் பள்ளியில் விட வரும் அம்மாக்கள் இன்று முதலில் கேட்பது இதைத்தான். படிக்கிறானா என்பது அப்புறம். எண்பது வயதிலும் தண்ணீர்க் குடம் தூக்கும் பாட்டி ஆக்டிவ். கட்சிக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர் ஆக்டிவ். ரீசார்ஜ் போட்ட சிம்மும் ஆக்டிவ். ஆங்கிலம் ஒரு வரி பேசாதவர்கள் வாயில்கூட இது சரளமாக வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் நான் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த கரிசல் கிராமத்தில் இந்தச் சொல்லே கிடையாது. துறுதுறுவென்று திரிகிற பிள்ளையை, "சூட்டிகையான பிள்ளை" என்பார்கள். பெருமையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெருமையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சூட்டிகை என்று ஊரில் பேரெடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை தீப்பெட்டி ஆபீஸுக்குத் தயார் என்று அர்த்தம். மந்தமானது பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும், கை வேகமானது நாலு காசு கொண்டுவரட்டும் என்பது வீட்டுக் கணக்கு. மழையை நம்பிய பூமியில் அந்தக் கணக்குப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் என் வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளைகளில் நல்ல சுறுசுறுப்பானவர்கள்தான் முதலில் காணாமல் போனார்கள்.

தீப்பெட்டி ஆபீஸில் பிள்ளைகள் செய்த வேலைக்குக் கட்டை அடுக்குவது என்று பேர். பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் பள்ளத்துக்கு ஒரு குச்சி வீதம் வைத்து, சட்டத்தின்மேல் சட்டமாக அடுக்கி இறுக்கவேண்டும். அப்போதுதான் குச்சித் தலைகளை மருந்தில் ஒரே சீராக முக்க முடியும். கூலி கட்டைக் கணக்கில். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துவரப் போனபோது அவள் அடுக்குவதை நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கை குச்சிகளை அள்ளிச் சட்டத்தில் பரப்பும், மறு கை அதைத் தடவிப் பள்ளங்களில் இறக்கும். கண் குச்சியில் இல்லை, என்மேல் இருந்தது. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. கால்கள் மடக்கிய மடக்கில் அப்படியே இருந்தன. விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். அதில் ஏறினால் இருட்டித்தான் வீடு.

தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் எங்கள் ஊர்வரை நடந்துவர நாளாயிற்று. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அதன்பிறகுதான் ஆபீஸ்காரர்களுக்கு உண்மையில் பயம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எந்திரமும் வந்தது. சூட்டிகைப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

திரும்பியவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? கையைக் கட்டு, வாயைப் பொத்து, அசையாதே. இதை மாற்றியது செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வி என்றார்கள். வட்டார வள மையப் பயிற்சியில் அதற்கு ஏ.எல்.எம். என்று பேர். முதல் எழுத்து ஆக்டிவ். அந்தச் சொல் பாராட்டாக என் காதில் முதன்முதலில் விழுந்தது அங்கேதான். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தல், அதில் அவரவர் வரைந்தது தொங்கும். தனக்கான பாட அட்டையைப் பிள்ளையே எழுந்துபோய் எடுத்துவரவேண்டும். எழுந்ததற்காக அடி வாங்கியவன் எழுந்தால்தான் பாடமே நகர்ந்தது. என் வேலைக்காலத்தில் இதைவிட நல்ல மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

பெற்றோருக்கோ பிடிக்கவில்லை. "சந்தைக்கடையா இருக்கே, எப்பத்தான் பாடம் நடத்துவீங்க?" என்றார்கள். பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் இங்கிலீஷ் மீடியப் பள்ளிகள் அவர்களுக்கு ஒழுங்காகத் தெரிந்தன. காலையில் மறுபடியும் வண்டி வந்து ஹாரன் அடித்தது. இந்தமுறை மஞ்சள் வண்டி, கூலிக்குப் பதில் ஃபீஸ்.

நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள், அன்று கட்டை அடுக்கிய அந்தப் பெண் தன் கடைசி மகனோடு வீட்டுக்கு வந்தாள். பையனின் பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ஓவர் ஆக்டிவ், டாக்டரிடம் காட்டவும்.

"ஓவர் ஆக்டிவ்னா வியாதியா டீச்சர்?"

அப்படி ஒரு கோளாறு உண்மையிலேயே உண்டு. அதை லேசாகப் பேசுவது பாவம். அந்தப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட கையேடுகூட அவசரப்படவில்லை. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும், 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்கவேண்டும், ஓரிடத்தில் மட்டும் அல்லாமல் வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும், பிள்ளையின் அன்றாடத்தைக் கெடுக்கவேண்டும் என்கிறது. இவன் வீட்டில் அப்படி இல்லை. மாலையில் ஊர்ப் பிள்ளைகளோடு கிளித்தட்டு ஆடிவிட்டு, சாப்பிட்டுத் தூங்குகிறவன். ஐந்து வயதிலிருந்து பதினேழு வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அவளிடம் சொன்னேன். சந்தேகம் இருந்தால் பெரியாஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் காட்டு, அதற்குமுன் பள்ளியில் எவ்வளவு நேரம் விளையாட விடுகிறார்கள் என்று கேள் என்றேன்.

அவள் கொஞ்சநேரம் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்த இடத்தவிட்டு எந்திரிச்சா மேஸ்திரி வைவாரு டீச்சர். இவனையும் அதுக்குத்தான வையிறாக?"

போய்க் கேட்டிருக்கிறாள். கால அட்டவணையில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. இரண்டிலும் கணக்கு நடந்தது. டாக்டரிடமும் காட்டினாள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, நன்றாக விளையாட விடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஜூனில் பையனை ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டாள். அங்கே இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. பாட்டும் ஆட்டமுமாகத்தான் வகுப்பு. தமிழில் மொட்டு நிலையில் இருக்கிறான், கணக்கில் மலர். நோட்டுகளை அடுக்கி எடுத்துப்போய் எல்லோருக்கும் கொடுக்கும் வேலையை டீச்சர் அவனிடம் விட்டிருக்கிறார்.