சாணத்தில் என்ன பார்க்க இருக்கிறது?

கேள்வி: பொழுதுபோக்குக்குப் பறவை பார்க்கலாம், நட்சத்திரம் பார்க்கலாம். சாணத்தில் முளைக்கும் பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்ப்பவர்களும் இருக்கிறார்களாமே! அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: ஒரு காட்டின் முழு வரலாறு இருக்கிறது. காட்டில் ஒரு மர இனம் செழித்து, தளர்ந்து, அடுத்த இனத்துக்கு இடம் விடுவதைப் பார்க்க நமக்கு ஓர் ஆயுள் போதாது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான வடிதாளை விரித்து, நாலைந்து முயல் புழுக்கைகளையோ ஒரு கை குதிரைச் சாணத்தையோ வைத்து, வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரம் வைத்துவிட்டால், அதே நாடகம் ஐந்தாறு வாரத்தில் நடந்து முடிந்துவிடும். முதல் வாரத்தில் மியூக்கார், பைலோபோலஸ் போன்ற நூல்நூலான பூஞ்சைகள் வரும். பிறகு கிண்ண வடிவ அஸ்கோபோலஸும், கறுப்புக் குடுவைகளாக சோர்டேரியாவும் போடோஸ்போராவும் தலைகாட்டும். கடைசியில் குடை விரித்து, ஒரே நாளில் மையாகக் கரையும் காப்ரினஸ் காளான்கள் எழும். விதைக்கிற வேலைகூட நமக்கு இல்லை. புல்லோடு சேர்த்து விலங்கு தின்ற ஸ்போர்கள், அதாவது பூஞ்சை வித்துகள், குடலைக் கடந்து சாணத்தோடே வந்திருக்கின்றன. ஓர் அறிவியல் கூற்றை வீட்டு மேசையிலேயே சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குச் சாணத்தைவிட நல்ல பொருள் கிடையாது என்பது என் கட்சி. கீழே வரும் கேள்விகள் எல்லாம் அந்தக் கட்சிக்கு எதிரான வழக்குகள்தாம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஈரம் இருந்தால் எதிலும் பூஞ்சை பூக்கும். பழைய ரொட்டியில் பூப்பதற்கும் சாணத்தில் பூப்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: ரொட்டியில் பூப்பது காற்றில் வந்து விழுந்த வழிப்போக்கன். சாணத்தில் வளர்பவற்றில் பல அந்த வாழ்க்கைக்காகவே அமைந்தவை. அவற்றின் ஸ்போர்களுக்குத் தடித்த சுவர் இருக்கும். பலவற்றில் அது கறுத்தும் இருக்கும். குடலின் வெப்பத்தையும் செரிமான நீரையும் அது தாங்கும். சில இனங்கள் அந்தப் பயணத்தை முடித்தால்தான் நன்றாக முளைக்கும். பைலோபோலஸ் வளர, இரும்பைப் பிடித்துக் கொடுக்கும் காப்ரோஜன் என்ற பொருள் உதவுகிறது என்று 1952இல் கண்டறிந்தார்கள். சாணத்தில் அது உண்டு. ஆனால் உணவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாடும் குதிரையும் தங்கள் சாணத்தை ஒட்டிய புல்லை மேயாது. ஆகவே அடுத்த தலைமுறை பிழைக்க வேண்டுமானால் ஸ்போர் எப்படியாவது தள்ளியிருக்கும் புல்லுக்குப் போய்ச் சேர வேண்டும். பைலோபோலஸ் இதற்குக் கண்டிருக்கும் வழியைக் கைலென்ஸில் பாருங்கள். கண்ணாடிபோன்ற ஒரு காம்பு, அதன் உச்சியில் நீர் நிரம்பிய ஒரு பை, பையின் மேல் கறுப்புத் தொப்பி. ஸ்போர்கள் அந்தத் தொப்பிக்குள். பை வெளிச்சத்தைக் குவித்துத் தன் அடியிலுள்ள ஆரஞ்சு நிற வளையத்தின்மேல் விழச் செய்ய, காம்பு வளைந்து ஒளியைக் குறி பார்க்கும். காலையில் பை வெடித்துத் தொப்பி இரண்டு மீட்டர் வரை பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும். டப்பாவைக் கறுப்புத் தாளால் மூடி ஒரே ஒரு ஓட்டை விட்டுப் பாருங்கள். மறுநாள் தொப்பிகள் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் அப்பியிருக்கும். மாட்டின் நுரையீரல் புழுவின் இளவுயிர்கள்கூட இந்தக் காம்பில் ஏறித் தொப்பியோடு சேர்ந்து பறந்து புல்லுக்குப் போகின்றன. ரொட்டிப் பூஞ்சையிடம் இந்தக் குறி பார்க்கும் வித்தை இல்லை.

கேள்வி: சர்க்கரை தின்பவை முதலில் வரும், நார் தின்பவை பிறகு வரும், மரச்சத்து தின்பவை கடைசியில் வரும். பாடப்புத்தகத்திலேயே விளக்கம் இருக்கிறதே! நான் டப்பாவைப் பார்த்து இனி என்ன கண்டுபிடிக்கப் போகிறேன்?

பதில்: அந்த விளக்கம் அழகானது. அழகாக இருப்பதால்தான் அதைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. உணவு மட்டுமே வரிசையை முடிவு செய்கிறது என்றால், முன்னவன் தின்று முடித்த பிறகுதான் பின்னவன் வளரத் தொடங்க வேண்டும். ஹார்ப்பரும் ஜான் வெப்ஸ்டரும் முயல் புழுக்கைகளை ஆராய்ந்து 1964இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. இந்தப் பூஞ்சைகளைத் தனித்தனியாக வளர்த்தாலும், ஒவ்வொன்றும் முளைத்துக் கனியுடல் விட எடுத்துக்கொள்ளும் காலம் வேறு வேறு. சாணத்தில் அவை தோன்றும் வரிசை பெரும்பாலும் அந்தக் கால வரிசையோடு ஒத்துப்போகிறது. அதாவது ஓட்டம் எல்லோருக்கும் ஒன்றாகவே தொடங்குகிறது. எளிய காம்பு விடுபவன் சில நாளில் வெளியே தெரிகிறான், குடை கட்டுபவனுக்கு வாரங்கள் பிடிக்கின்றன. அப்படியானால் முந்தியவை ஏன் மறைகின்றன என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு பகுதி விடை 1970இல் கிடைத்தது. இகெடியுக்வுவும் வெப்ஸ்டரும் காப்ரினஸின் ஓர் இனத்தை அஸ்கோபோலஸோடு வளர்த்துப் பார்த்தார்கள். காப்ரினஸ் இழை தொட்ட இடத்தில் அஸ்கோபோலஸ் இழை செத்துப்போனது. இதனால் உணவுக் கதை முழுப் பொய் என்று ஆகிவிடாது. மரச்சத்தைச் சிதைக்கும் திறன் காப்ரினஸுக்கு உண்டு, மியூக்காருக்கு இல்லை. கடைசிவரை யார் தாக்குப்பிடிப்பார் என்பதில் அந்தத் திறனுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் யார் எப்போது முகம் காட்டுவார் என்பதற்கு அது போதிய விளக்கமாகாது. இந்த வேறுபாட்டை நாள் குறித்து வைக்கும் எவரும் தன் டப்பாவிலேயே எடைபோடலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் ஆய்வகமும் நிபுணரும் வேண்டாமா? பெயர்கூடத் தெரியாமல் பார்த்து என்ன பயன்?

பதில்: நுண்ணுயிர்களை உலகுக்குக் காட்டிய லேவன்ஹூக் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. 1681இல் அவர் தன் மலத்தையே தன் லென்ஸில் வைத்துப் பார்த்து, அதில் நீந்திய உயிரை வர்ணித்து எழுதினார். அது ஜியார்டியா என்று இன்று கருதுகிறார்கள். இந்தத் துறைக்கு அமெச்சூர் புதியவரல்ல. பத்து மடங்கு கைலென்ஸும், 400 மடங்கு காட்டும் மாணவர் நுண்ணோக்கியும் போதும். அஸ்கோபோலஸ் கிண்ணம் ஒன்றை லென்ஸில் பார்த்தால் மஞ்சள்பச்சைப் பரப்பின்மேல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை முற்றிய ஸ்போர்ப் பைகளின் நுனிகள். அந்தக் கிண்ணத்தில் ஒரு துணுக்கை ஊசியால் எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் வைத்துக் கவர் ஸ்லிப்பை மெல்ல அழுத்துங்கள். பைகள் விசிறியாக விரியும். ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்போர்கள். இளசானவை நிறமில்லாமல், முற்றியவை ஊதா நிறத்தில், மேலே மெல்லிய வரிகளோடு. பையின் உச்சியில் ஒரு மூடி. பேரினத்தைச் சொல்ல இவ்வளவே பெரும்பாலும் போதும். இன்னும் போக வேண்டுமென்றால் ரிச்சர்ட்சனும் வாட்லிங்கும் 1997இல் தந்த அடையாளக் கையேடு இருக்கிறது. ஆஸ்திரேலியப் பூஞ்சைகளுக்கு ஆன் பெல் எழுதிய 2005 நூலும், இத்தாலியப் பூஞ்சைகளுக்கு டோவேரியின் 2004 நூலும் இருக்கின்றன. நெருங்கிய சில இனங்களை மரபணுச் சோதனைதான் பிரிக்கும் என்பது உண்மை. அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, உலர்ந்த மாதிரியைப் பாதுகாத்து வைப்பதே நேர்மை.

கேள்வி: நோய் வராதா?

பதில்: கவனமில்லாமல் செய்தால் வரலாம். நாய், பூனை, காட்டு ஊனுண்ணிகளின் எச்சத்தைத் தொடாதீர்கள். மனிதருக்குப் பரவும் ஒட்டுண்ணிகளின் முட்டைகள் அவற்றில் இருக்கலாம். மாடு, குதிரை, முயல், ஆடு போதும். அவற்றிலும் ஈகோலி, சால்மோனெல்லா போன்றவை இருக்கலாம் என்பதால் கையுறை, சோப்பு, சமையலறைக்கு வெளியே ஒரு மேசை ஆகிய மூன்றும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி. உலகத்துக்கு இதனால் என்ன லாபம்?

பதில்: இரண்டு சான்று சொல்கிறேன். குதிரைச் சாணத்தில் வளரும் காப்ரினாப்சிஸ் சினெரியா, பாக்டீரியாக்களோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட்டு வாழ்வது. சூரிக் ஆய்வாளர்கள் அதிலிருந்து காப்சின் என்ற பாக்டீரியக்கொல்லிப் புரதத்தைப் பிரித்தெடுத்து 2014இல் வெளியிட்டார்கள். அது மருந்துக் கடைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தேட வேண்டிய இடம் எது என்பதைக் காட்டியது என்கிறேன். இரண்டாவது சான்று ஸ்போரோர்மியெல்லா என்ற சாணப் பூஞ்சை. இதன் ஸ்போர் துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கீறல் இருக்கும். அந்தக் கரிய சுவர் ஏரிச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாது. பெருவிலங்குகள் குறைந்து சாணம் குறைந்தால் சேற்றில் சேரும் ஸ்போரும் குறையும். அமெரிக்காவின் இண்டியானாவில் ஓர் ஏரிச் சேற்றில் ஜாக்குலின் கில் குழுவினர் இதை எண்ணிப் பார்த்தார்கள். 14,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 13,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஸ்போர்கள் சரிந்தன என்று 2009இல் எழுதினார்கள். காட்டின் மரக்கலவை மாறியதும் நெருப்பு பெருகியதும் அந்தச் சரிவுக்குப் பிறகுதான். தாவரம் மாறியதால் மாஸ்டடான் போன்ற பெருவிலங்குகள் குறைந்தன என்ற வாதம் அந்த இடத்தில் தலைகீழாயிற்று. ஏரியின் பரப்பும் கரையின் தூரமும் எண்ணிக்கையை மாற்றுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே ஒரே ஏரியை நம்பி முழுக் கண்டத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் ஒரு டப்பாவில் நீங்கள் அடையாளம் காணப் பழகும் ஸ்போர், அழிந்துபோன யானை இனங்களின் மந்தைக்குச் சாட்சி சொல்கிறது என்பது மாறாது.

ஆகவே தொடங்குங்கள். ஒரே விலங்கின் சாணத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றை ஒரு மாதம் உலர்த்திய பிறகும் ஈரப்படுத்துங்கள். விலங்கு, இடம், தேதி, எந்தப் பூஞ்சை எத்தனையாவது நாளில் வந்தது, ஸ்போரின் நீளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து வையுங்கள். இரண்டு வரிசையும் ஒன்றாக வந்தால் பாடப்புத்தகத்தின் ஒரு வரியை நீங்களே சரிபார்த்திருப்பீர்கள். வேறாக வந்தால் உங்களுக்கென்று ஒரு கேள்வி கிடைத்திருக்கும். அறிவியலில் நுழைய இதற்கு மேல் அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை.