நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி

ஜூஜுவாடியிலிருந்து கர்நாடகத்துக்கு நடந்தே போய்விடலாம். எங்கள் பட்டறையின் பின்சுவர்ப் பக்கம் ஒதுங்கினாலே செல்போன் அத்திப்பள்ளி டவரைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிடும். இவ்வளவு நெருக்கம் இருந்தும், பெங்களூருக்காரர் ஒருவர் தரும் ஜாப்புக்கான டிராயிங் மட்டும் அவருடைய சர்வரிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துசேர உச்சிவேளை ஆகிவிடும். அதுவரை ஷிஃப்டுக்கு வந்த பையன்கள் மெஷினைத் துடைப்பார்கள். பிறகு துடைத்த மெஷினையே துடைப்பார்கள்.

லைன் விற்பவர் 100 எம்பிபிஎஸ் என்பார். அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பிதான். ஒரு டெராபைட்டை இறக்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், கரண்ட் போகாமல் இருந்தால். மேசைக்கு அடியில் இருக்கும் என்விஎம்இ டிஸ்க்கோ நொடிக்கு 3,000 எம்பியைச் சாதாரணமாகப் படித்துவிடும். குட்டி ஃபைல்கள் இன்னும் மோசம். தூரத்து சர்வரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் கிளம்பி வரும்.

அதனால், நாளைக்கு ஓடப்போகும் ஜாப்புகளுக்கு வேண்டியதை மட்டும் முந்தின ராத்திரியே உள்ளூர் டிஸ்க்கில் இறக்கி வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். புது யோசனை என்று நாங்கள் மார்தட்ட முடியாது. ஐபிஎம் 1974இலேயே 3850 என்று ஒரு பெட்டியை அறிவித்தது. தேன்கூடு மாதிரி அடுக்கிய அறைகளில் ஆளுக்கு 50 எம்பி டேப் உருளைகள்; கேட்டதை ஒரு இயந்திரக் கை எடுத்துவந்து டிஸ்க்குக்கு மாற்றிக்கொடுக்கும். டேட்டாவைச் சுமக்க அமேசான் 2016இல் 45 அடி கன்டெய்னர் லாரியையே இறக்கியது, ஒரு நடைக்கு 100 பெட்டாபைட். எங்கள் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன். "நம்ம செக்போஸ்ட்டுக்கு வந்திருந்தா, உள்ள என்ன சரக்கு, இ-வே பில் எங்கன்னு கேட்டிருப்பாங்க சார்" என்றார்.

இறக்குவது சுலபம். எதை இறக்குவது என்பதில்தான் உயிர் போகும்.

"எல்லாத்தையும் எறக்கிடலாம் சார், எதுக்கு ரோதனை?" என்பது சூப்பர்வைசரின் கட்சி. எங்கள் பழைய ஃபானக் மெஷினின் நினைவகத்தை இன்னமும் பேப்பர் டேப் நீளத்தில்தான் சொல்வார்கள்: 80 மீட்டர் என்றால் 32 கேபி. அதற்கு 9,600 பாட் வேகத்தில் 1 எம்பி புரோகிராமை ஊட்ட 18, 20 நிமிடம் பிடிக்கும். எல்லாத்தையும் எறக்கினால் மெஷினில் எங்கே வைப்பது?

சரி, பொறுக்கி எடுப்போம் என்று ஃபோல்டரைத் திறந்தோம். பிராக்கெட் ஃபைனல். பிராக்கெட் ஃபைனல் நியூ. பிராக்கெட் சார் ஓகே. பிராக்கெட் டோன்ட் யூஸ். இருப்பதிலேயே புதிய தேதி 'டோன்ட் யூஸ்'க்குத்தான். பெங்களூருக்குப் போன் போட்டோம். வரைந்தவர் சபரிமலைக்குப் போயிருந்தார். கடைசியில் போனமுறை செய்த சாம்பிள் துண்டை மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிராயிங்காகத் திறந்து ஓட்டைகளை எண்ணினார் சூப்பர்வைசர். சாம்பிளில் எட்டு. 'சார் ஓகே'யில் ஆறு. எட்டு ஓட்டையும் சரியான இடத்தில் இருந்தது 'டோன்ட் யூஸ்' ஒன்றில்தான்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல் போடுகிறோம். ராத்திரி கம்ப்யூட்டர் அதை மட்டும் இழுத்து வைக்கிறது. காலையில் சர்வரில் இருப்பதன் தேதியை ஒருமுறை ஒத்துப்பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ரிவிஷனை அதிவேகமாகத் திறந்து அதிவேகமாகக் கழிவு போடலாம். பையன்கள் எட்டரைக்கே மெஷினை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். துடைப்பதற்குத்தான் ஆளில்லை.

டிராயிங் போடும் பெரியோர்களே, ஃபைலுக்குப் பாகத்தின் எண்ணையும் ரிவிஷன் எழுத்தையும் பெயராக வையுங்கள், போதும். சார் ஓகே சொன்னாரா இல்லையா என்பதை உங்கள் ஆபீஸுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.