ரெண்டு விரல் இடைவெளி

கோயம்புத்தூரில் ஸ்விஃப்ட் வாங்கும் இளைஞர்களில் ஒரு வகையினர் உண்டு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நாள் வரைக்கும்தான் வண்டி கம்பெனி கொடுத்த உயரத்தில் நிற்கும். அடுத்த மாதம் பார்த்தால் தரையோடு தரையாகக் குந்திக்கொண்டிருக்கும். இப்படி ஒருவருக்கு 'லோ தம்பி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தம்பியின் அளவுகோல் விரல். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதில்தான் ஒரு வண்டியின் மானமே இருக்கிறது. நாலு விரல் போனால் அது வாடகை வண்டி. ரெண்டு விரல் என்றால் மரியாதை. ஒரு விரலும் நுழையாத வண்டி அவிநாசி சாலை சிக்னலில் பக்கத்தில் நின்றால், பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தாலும் கண்ணை எடுக்க மாட்டார். யாருடைய விரல் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

காசு இருந்தால் 30, 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் செட் வாங்கிப் போடுவார். இல்லாவிட்டால் இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுத்தை வெட்டச் சொல்வார். வெட்டிய ஸ்பிரிங் விறைத்துப் போகும். வண்டியை ஜாக்கியில் தூக்கினால் தன் இடத்தை விட்டு நழுவவும் செய்யும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா" என்பதே தம்பியின் பாதுகாப்புக் கொள்கை.

வீட்டில் இதன் பலன் உடனே தெரியும். ஸ்விஃப்டின் அடிக்கும் தரைக்கும் கம்பெனி விட்ட இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் நாற்பதைக் கழித்து, அப்பா, அம்மா, அமுச்சி, அமுச்சியின் பை எல்லாவற்றையும் ஏற்றினால் மிச்சம் என்ன இருக்கும்? மருதமலைக்குப் போகிற வழியில் வேகத்தடை வந்தால் வண்டி நிற்கும், கதவு திறக்கும், குடும்பம் இறங்கி நடக்கும். தம்பி தனியாளாக, மூலைவாட்டாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய மேடு. ஸ்விஃப்டின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரம் 2.45 மீட்டர்தான் என்பதால், விதிப்படி கட்டியிருந்தால் தம்பியின் வண்டிகூட அதன்மேல் சாதுவாக ஏறி இறங்கிவிடும். ஆனால் தெருவில் ஆளாளுக்குக் கொட்டி வைத்திருக்கும் சிமென்ட் கட்டைக்கு விதியும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

சட்டமும் தம்பிக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "ஸ்பிரிங் நீளம் ஆர்.சி. புக்குல எழுதியிருக்குங்களா?" என்று திருப்பிக் கேட்பார். நீதிமன்றத்தில் இந்த வாதம் நிற்குமா என்பது வேறு விஷயம், டீக்கடையில் நிற்கிறது.

இவ்வளவு தெரிந்தவர் தடுமாறும் ஒரே இடம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம்.

ஸ்விஃப்டின் முன்பக்க சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். வண்டியின் உடம்பு இறங்கும்போது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மேல்நோக்கித் திரும்ப, சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. இது நெகட்டிவ் கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் காலை அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி இருக்கும். தம்பிக்கு இதில் ஏகப் பெருமை. பார்முலா ஒன் கார்களைப் பாருங்கள், சக்கரம் இப்படித்தான் சாய்ந்திருக்கும் என்பார். ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் ஊர், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர்; இந்தப் பேச்சுக்கு இங்கே மறுபேச்சு இல்லை. வளைவில் உடம்பு சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் முழுசாகப் பதியத்தான் ரேஸ் காரில் அந்தச் சாய்வு. ரேஸில் டயருக்குப் பில் கட்டுவது டீம். இங்கே அப்பா.

ஆனால் டயரைத் தின்பதில் கேம்பர் சின்னத் திருடன்தான். பெரிய திருடன் டோ. இரண்டு முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரமும் பின்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரமும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. லோயர் ஆர்மும் ஸ்டியரிங்கின் டை ராடும் ஒரே நீளமில்லை, ஒரே சாய்விலும் இல்லை. வண்டி இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வளைவில் நகர, சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து திரும்பிவிடுகிறது. 620 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயர் மட்டும், அதன் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவே வெறும் 2 மில்லிமீட்டர் விலகினால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் மூன்று மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் டயரைத் தார்ச்சாலையில் குறுக்கே இழுத்த கணக்கு.

இதில் வில்லங்கம் என்னவென்றால், இரண்டு பக்கமும் சமமாக விலகியிருந்தால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. பைபாஸில் தம்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டுவார். "பாருங்ணா, நூல் பிடிச்ச மாதிரி போகுது!" வண்டி நேராகப் போகிறது, டயரின் உள்ஓரம் பவுடராகப் போகிறது. வெளிஓரம் புத்தம் புதுசு. தம்பி பார்ப்பதும் படம் எடுப்பதும் வெளிஓரத்தை மட்டும்தான்.

அலைன்மென்ட் கடை அண்ணன் சொல்வார்: "தம்பி, ஸ்பிரிங் மாத்துனா ஒருக்கா பண்ணோணும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமுங்குனதும் மறுக்கா பண்ணோணும்." நியாயமான யோசனை. தம்பி இதன் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "செட்டில் ஆகட்டுங்ணா, அப்புறம் சேர்த்துப் பண்ணிக்கலாம்" என்று கிளம்பிவிடுவார். ஸ்பிரிங்குக்கு ஆயிரக்கணக்கில் பேரம் பேசாமல் கொடுத்தவருக்கு, அலைன்மென்டுக்குச் சில நூறு ரூபாய் என்றால் நெஞ்சு அடைக்கிறது. அதை யாருக்கும் காட்ட முடியாதே!

கடைசியில் டயர் கம்பி தெரியும் நாளில் வருவார். பழைய டயரிலேயே பண்ணச் சொல்வார். அலைன்மென்ட் மெஷின் திரையில் நாலு மூலையும் சிவப்பாக எரியும். முன்பக்க டோவை டை ராடில் திருகிப் பச்சையாக்கலாம். கேம்பருக்கு மாற்று போல்ட் போட்டால்தான் கொஞ்சம் வழி. பின்பக்கம் ஒரே துண்டான டார்ஷன் பீம்; அங்கே திருக எதுவும் இல்லை. "சிவப்பை எப்படியாச்சும் பச்சை பண்ணுங்ணா" என்று கெஞ்சுவார். ஃபோட்டோ எடுக்கத்தான்.

இந்த வண்டிகள் கடைசியில் விற்பனைக்கு வரும். அப்போது கம்பெனி ஸ்பிரிங் மறுபடி ஏறியிருக்கும், அலைன்மென்ட் மட்டும் இறக்கிய உயரத்துக்கு வைத்ததாகவே இருக்கும். உயரம் எந்தப் பக்கம் மாறினாலும் டோவும் மாறும். ஆகவே பழைய ஸ்விஃப்ட் பார்க்கப் போகிறவர்கள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முன் டயரின் உள்ஓரத்தை உள்ளங்கையால் இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் ரம்பம் போல் உறுத்தினால், டயர் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பியுங்கள்.