3000 வாட்ஸ் பலாப்பழம்

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட்டில் ஏழு மிஷின். ஆக மொத்தம் 1470 மெகாவாட். ஜெனரேட்டரை விட்டு வெளியே வரும்போதே கரண்ட் 15,750 வோல்ட்டில் வரும். அங்கே எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய நான், போன பொங்கலுக்கு 12 வோல்ட்டிடம் தோற்றேன்.

காரணம் மகன். சென்னையில் ஐ.டி. வேலை. செகண்ட்ஹேண்டில் ஒரு மாருதி வாங்கி, அதை ஓட்டிக்கொண்டே ஊருக்கு வந்தான். அம்மாவுக்குப் புடவை இருக்கும் என்று டிக்கியைத் திறந்தால், 12 இஞ்ச் சப்வூஃபர் ஒன்று மரப்பெட்டிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன். பின்சீட்டில் இருந்தது.

"ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான்ப்பா பாக்கி. நீங்கதான் கரண்ட்காரராச்சே, எது வாங்கலாம் சொல்லுங்க."

ஒரு தகப்பனைக் கவிழ்க்க இந்த ஒரு வரி போதும். பத்தாவதுக்குப் பிறகு அவன் என்னிடம் சந்தேகம் கேட்டதே இல்லை.

முதலில் அவன் சிநேகிதன் ஒருவனின் நாலு சேனல் ஆம்ப்பை இரவல் வாங்கி வந்தோம். வூஃபரில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். பேரலலில் போட்டால் 2 ஓம், சீரிஸில் போட்டால் 8 ஓம். இது பாலிடெக்னிக் முதல் வருஷப் பாடம். "பேரலல்ல போடுடா. ஓம் குறைஞ்சா கரண்ட் ஜாஸ்தி, கரண்ட் ஜாஸ்தியானா சத்தம் ஜாஸ்தி" என்றேன், பிளாக்குக்கே கேட்கிற குரலில். இரண்டு சேனலைச் சேர்த்து பிரிட்ஜ் பண்ணினோம். பாட்டு ஆரம்பித்தது. தொம், தொம். மூன்றாவது தொம் வரவில்லை. ஆம்ப்பின் மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மனைவி வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ட்ரிப்பா?"

எங்கள் வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடித்தால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருக்கும். அவளுக்கு நன்றாகப் பழகிய வார்த்தை. ஆம்ப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிரிட்ஜ் பண்ணினால் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அடியில் அச்சடித்திருந்தது. பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். நான் கொடுத்த 2 ஓம் அதற்கு 1 ஓமாகத் தெரிந்திருக்கிறது. பாவம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிட்டது. வேலைக்காரனைவிட ரிலேவுக்கு புத்தி அதிகம் என்று டிபார்ட்மென்ட்டில் நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போனோம். எந்தக் கடை என்பது வேண்டாம். கண்ணாடி அலமாரி முழுக்க ஆம்ப்கள், பெட்டிகளில் புலி, நெருப்பு, மின்னல். கடைக்காரத் தம்பி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். "3000 வாட்ஸ் சார். காரே குதிக்கும்."

3000 வாட்ஸ் என்றால் எங்கள் குவார்ட்டர்ஸில் கெய்சரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து இழுக்கிற கரண்ட். விலையும் மலிவாக இருந்தது. மகன் மெதுவாக, "அது மேக்ஸ் வாட்ஸ்ப்பா, ஆர்.எம்.எஸ். கேளுங்க" என்றான். தம்பிக்குக் காது கேட்கவில்லை.

என் மனைவி பண்ருட்டிக்காரி. பேச்சை அவள் எடுத்துக்கொண்டாள். "பலாப்பழம் எத்தனை கிலோங்கறதை விடுங்க தம்பி. அறுத்தா சுளை எவ்ளோ தேறும்?"

ஆர்.எம்.எஸ். என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கண நேரம் துள்ளிக் காட்டுவது மேக்ஸ், விடாமல் உழைத்துக் கொடுப்பது ஆர்.எம்.எஸ். எங்கள் ஆலையிலும் நிறுவு திறன் ஒன்று, இன்றைய உற்பத்தி ஒன்று என்று இரண்டு கணக்கு உண்டு. முதலாவது திறப்புவிழாக் கல்வெட்டுக்கு, இரண்டாவது காலை மீட்டிங்குக்கு. அமெரிக்கர்கள் இந்தச் சக்கைக் கணக்குக்குச் சலித்துப்போய் கார் ஆம்ப்புக்கென்றே ஒரு தர அளவு வைத்திருக்கிறார்களாம்: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல் எவ்வளவு வாட்ஸ் வருகிறதோ அதுதான் வாட்ஸ். மகன் சொன்னான்.

இதற்குள் எனக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த மெயின்டனன்ஸ்காரன் எழுந்துவிட்டான். ஆம்ப்பைத் திருப்பி ஃப்யூஸைப் பார்த்தேன். 25 ஆம்பியரில் இரண்டு. 50 ஆம்பியர், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட். பெருக்கினால் 700 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் ஏபி ஆம்ப் என்பதால் அதில் ஏறக்குறைய பாதி சூடாகப் போய்விடும். வூஃபருக்குக் கிடைப்பது முந்நூற்றுச் சொச்சம். நிஜமாகவே 3000 வாட்ஸ் வேண்டுமென்றால் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், அது வெல்டிங் ராடில் ஓடுகிற கரண்ட். பெட்டி பொய் சொல்லலாம், ஃப்யூஸ் சொல்லாது. கணக்கை வாய்விட்டுச் சொன்னேன். தம்பி புலியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

கடைசியில் படமே இல்லாத ஒரு பெட்டி வந்தது. ஒரே சேனல், கிளாஸ் டி, 2 ஓமில் 350 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். வூஃபர் தாங்குவது 300. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், கெயினை அடக்கி வைத்துக்கொள்ளலாம். சின்ன ஆம்ப்பை முறுக்கி முறுக்கி அலறவிட்டால்தான் காயில் கருகும். கெயின் திருகு வால்யூம் திருகு அல்ல என்பதை மகனுக்கு மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினான்.

கேபிளில் இன்னொரு பலாப்பழம். விரல் தடிமனில் சிவப்பாக, கம்பீரமாக இருந்தது. நுனியை உரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ரப்பர், உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம். சுத்தச் செம்பு வாங்கினோம். ஆம்ப்பின் விலையில் கால்வாசி ஆனது. பேட்டரிப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் போட்டோம். எர்த்துக்கு டிக்கியில் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளத்த பிறகு போல்ட் முடுக்கினேன். புதுக் காரைச் சுரண்டுகிறேனே என்று மகன் துடித்தான். 'புதுக் கார்' அவன் சொன்னது.

ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. குடியிருப்புப் பகுதியில் பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் சட்டம். எனவே ஒரே ஒரு பாட்டு என்று முடிவு. வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் போகும்படி ஃபில்டரைத் திருப்பிவிட்டு, மகன் பாட்டைப் போட்டான்.

டிரான்ஸ்ஃபார்மரின் 100 ஹெர்ட்ஸ் உறுமலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவன் நான். இது அதற்கும் கீழே, வயிற்றுக்குள் கேட்டது. நம்பர் பிளேட் தாளம் போட்டது. முருங்கை மரத்திலிருந்து ஒரு காக்கை புறப்பட்டுப் போனது. அடுப்படியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கதவு திறந்தது. சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற கடினமான மணற்பாறையை வெடி வைத்து இளக்கிய பிறகுதான் அங்கே ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டவே முடியும். தினமும் அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"என்ன சார் இது, ராத்திரியில வெடி வைக்க மாட்டாங்களே?"

நான் டிக்கியைச் சாத்திவிட்டு, அவரோடு சேர்ந்து அதே திசையைப் பார்த்தேன்.