தொட்டிமர நிழலியல்: ஓர் அறிமுகம்

நிழலைப் பற்றி நூல்கள் உண்டு. போன்சாய் பற்றி அலமாரி நிறைய உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு துறை, போன்சாயைப் படமெடுக்கும்போது அதன் நிழலை என்ன செய்வது என்னும் துறை, பேராசிரியர் இன்றிக் கிடக்கிறது. அந்தப் பதவிக்கு இக்கட்டுரையே என் விண்ணப்பம்.

முதலில் பொருள் வரையறை. போன்சாய் என்பது ஒரு மரம் தன் வயதையும் வளர்த்தியையும் பற்றி நம்மிடம் சொல்லும் பொய். தொட்டியில் முப்பது சென்டிமீட்டர் நிற்கும் ஆல், ஊர்மந்தையில் நூறாண்டு நின்றதாகத் தோன்ற வேண்டும். அதற்காகக் கிளைக்கு அலுமினியக் கம்பி, வேருக்குக் கத்தரி. இலைகளை உருவிவிட்டுச் சிறிதாகத் துளிர்க்கவைக்கும் வேலையும் உண்டு. இவை போக, ஜப்பானியக் கலைஞர்கள் மரத்துக்கு ஒரு முகப்பக்கத்தைத் தேர்ந்துகொள்வர். அந்தப் பக்கத்தில் அடிமரம் மறைப்பின்றித் தெரியும். கீழ்க்கிளைகள் இடமும் வலமும் பின்னுமாகப் போகும். உச்சி மட்டும் பார்ப்பவரை நோக்கிச் சற்றே குனியும். பணிவு அன்று, அண்ணாந்து பார்க்கும் உணர்வை நமக்கு ஊட்டும் தந்திரம்.

கேமரா இந்தப் பொய்க்கு உடந்தை. லென்ஸைத் தொட்டி விளிம்பளவுக்குத் தாழ்த்தி, தள்ளி நின்று, நீண்ட குவியத்தூர லென்ஸால் எடுத்தால் முப்பது சென்டிமீட்டர் முப்பது மீட்டராகிவிடும். கைபேசியைக் கிட்டத்தில் நீட்டுபவருக்கோ முன்கிளை வீங்கி, உச்சி சிறுத்து வரும். போர்ட்ரெய்ட் பயன்முறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் வளர்த்த நுனிச்சிம்புகளை அது ஒரு நொடியில் பின்னணி என்று முடிவுகட்டி மழுக்கிவிடும்.

உடன்படாதது நிழல் ஒன்றே. என்னை? நிழல் என்பது விளக்கு நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் மரம். கேமரா முகத்தைப் பார்க்கையில், பக்கவாட்டு விளக்கு மரத்தின் விலாவைப் பார்த்து, உச்சி குனியும் அந்த முதுகு வளைவை அப்படியே சுவரில் எழுதிவைக்கிறது. ஒரே படத்தில் இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலங்கள். டோக்கியோ உவேனோவில் 1934 முதல் நடந்துவரும் கோகுஃபு போன்சாய்க் கண்காட்சி போன்றவற்றின் படத்தொகுப்புகளில் மரங்கள் வெற்றுப் பின்னணியில் நிற்பதன் உட்பொருள் இதுவே என்பது என் துணிபு. நம் வீட்டளவில் அந்த நிலையை எட்ட, சார்ட் பேப்பரை மரத்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி ஒட்டி, விளக்குக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் போதும். கரை வேட்டி கூடாது.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம்: வெயிலில் வைத்து எடுத்தால் நிழல் இயற்கையாக இருக்குமே? அற்றன்று. வெயிலில்தான் வழக்கு முற்றாகத் தோற்கும்.

பெரிய மரத்தடியில் நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக வெளிச்சம் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இலையிடுக்குகள் வட்டமாக இல்லாதபோது வெளிச்சம் மட்டும் எப்படி வட்டமானது? அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கேள்வித் தொகுப்பு ஒன்றே இதைக் கேட்டிருக்கிறது. கிரகணத்தின்போது மரத்தடி வெளிச்சம் பிறைபிறையாக விழுவதையும் அது கவனித்திருக்கிறது. ஒவ்வோர் இடுக்கும் ஊசித்துளை கேமராவாகிச் சூரியனைப் படம்பிடிப்பதே காரணம். சூரியன் தன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு தொலைவில் இருப்பதால், இடுக்கிலிருந்து தரைக்குள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் வட்டத்தின் அளவு கிடைக்கும். (அர்ச்சனைக்காரர்கள் இந்த எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம், இது தற்செயல்.) பத்து மீட்டர் உயரத்து இடுக்கு இட்லி அகலத்துக்கு வட்டம் போடும், முப்பது சென்டிமீட்டர் தொட்டி ஆலுக்குக் கிடைப்பது கடுகு.

கடுகாவது கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. மரத்தைச் சுருக்கிய அளவுக்கு இலையைச் சுருக்க முடியாது. பூவும் காயும் சுருங்கவே சுருங்கா. ஆகவே இடுக்குகளும் கடுகைவிடப் பெரியவை. ஒளி வட்டமாகாமல் இடுக்கின் வடிவத்திலேயே விழுகிறது. இலையின் ஓரம்வரை கத்தரித்தது போன்ற நிழல். மேலே மந்தை ஆலமரம், கீழே கீரைக்கட்டின் நிழல்.

நிழலின் பெருந்தன்மையையும் பதிவுசெய்தாக வேண்டும். அளவைக் காட்டிக்கொடுக்கும் நிழல் வயதைக் காட்டிக்கொடுப்பதில்லை. 1625 முதல் பேணப்பட்டு, ஹிரோஷிமா குண்டுக்கும் தப்பி, 1976இல் ஜப்பானின் அன்பளிப்பாக வாஷிங்டனுக்குப் போன யமாக்கி பைன் மரத்துக்கும், போன மாதம் நர்சரியில் வாங்கிய செடிக்கும் நிழல் ஒரே கறுப்புதான். பட்டை, கம்பித் தழும்பு, விலைச்சீட்டு எதுவும் அதில் தெரியாது.

தீர்வு என்ன? சென்னையில் ஏப்ரல் இறுதியில் ஒருநாளும் ஆகஸ்டில் ஒருநாளும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நிழல் மரத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடும் என்று ஒரு சாரார் யோசனை சொல்வர். ஆண்டுக்கு இரண்டு படம் போதும் என்பவர்களுக்கு அது சரி. என்றாலும் அந்நேரத்து மொட்டைமாடியில் படமெடுப்பவர் வெந்துபோவார்.

இவ்வாய்வு முன்மொழியும் முறை வேறு: நிழலுக்கு வேண்டிய தூரத்தைக் கொடுத்துவிடுவது. மரத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, நிழலை மூன்று மீட்டர் தள்ளி விழவிட்டால் கடுகு வட்டங்கள் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டராகும். இலையோரம் கரைந்து, மெய்யான மரத்தடி உருவாகும். இதில் எஞ்சும் குறைகள் மூன்றே. மரமும் நிழலும் ஒரே படத்தில் அடங்கா. அந்த மரத்தடியில் தொட்டியின் நிழலும் சேர்ந்தே கிடக்கும். நிழல் விழும் இடம் பெரும்பாலும் பக்கத்து வீட்டு வாசலாக இருக்கும். அங்கே வடகம் காய்ந்துகொண்டிருந்தால், ஆய்வை மேற்கொண்டு நடத்துவதற்கு அந்த வீட்டு அம்மாளின் அனுமதி தேவைப்படும்.